எஞ்சினுக்குள் ஒரு கை

"அந்த ஹோஸை மாத்த ரெண்டே வழிதான். ஒண்ணு, மேலே இருக்கறதையெல்லாம் கழட்டணும். அதுக்கு முழுசா ஒரு நாள் ஆகும், நாளைக்கு வண்டியைக் கொண்டாங்க. இல்லேன்னா சின்னக் கையா ஒண்ணு வேணும்."

சனிக்கிழமை சாயங்காலம் மெக்கானிக் இப்படிச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எதைக் கேட்டாலும் 'நாளைக்கு' என்பதால் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே 'நாளைக்கு'தான். ஆனால் என்னிடம் நாளை இல்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, எழுநூற்று அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் நான் வேலையில் சேர வேண்டும். பல் செட் செய்யக் கற்றுக்கொடுக்கும் வேலை. பதினோரு வருஷம் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, முகம் பார்த்திராத வாய்களுக்குப் பல் செதுக்கியவள் நான். எதிரே மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் ஓர் அறை எனக்குக் கிடைத்திருந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. என் கணவர் என்னோடு வந்து அங்கேயே இருந்துவிடப் போகிறார். அவர் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாயிற்று, தன் அம்மாவிடமும் சொல்லியாயிற்று என்று இரண்டு வாரத்துக்கு முன்னால் துணி மடித்துக்கொண்டே சொன்னார். நான் மடித்த துணியிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன். தனியாகப் போய் வாழ எனக்கு முடியும். ஆனால் அவரோடு வாழத்தான் ஆசை. ஒன்பது வருஷத்தில் எனக்காக அவர் எடுத்த முதல் பெரிய முடிவு அது.

"சின்னக் கை நம்ம வீட்டுலயே இருக்கே" என்றேன்.

"உன் கையா? அது பல்லு செய்யற கை. நாளைக்கு அதுதானே சோறு போடப் போகுது?" என்றார்.

"உங்க கையை விட்டா எஞ்சினே அழும். தள்ளுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வேலையைத் தொடங்கினோம். கார் நிற்பது மாடிப்படிக்குக் கீழே. ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறுபக்கம் மதில். மதிலுக்கும் காருக்கும் நடுவில் ஒரு பூனை போகலாம், கொஞ்சம் சாப்பாட்டைக் குறைத்தால் ஒரு மனிதரும் போகலாம். மழை பெய்தாலும் கார் நனையாது என்று வீடு பார்க்க வந்த அன்று பெருமைப்பட்டுக்கொண்டோம். குனிந்து நிமிர்ந்தால் படிக்கட்டு தலையில் இடிக்கும் என்பது அன்று தோன்றவில்லை.

ஹோஸ் என்பது ஒரு முழம்கூட இல்லாத வளைந்த ரப்பர்க் குழாய். எஞ்சினின் பின்புறத்திலிருந்து, எஞ்சினின் சூட்டை உறிஞ்சிய கூலன்ட் தண்ணீரைக் காருக்குள் இருக்கும் ஹீட்டருக்குக் கொண்டுபோவது. எஞ்சினுக்கும் அதன் பின்னாலிருக்கும் இரும்புச் சுவருக்கும் இடையே, கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் கிடந்தது. வெடித்து, சொட்டிக்கொண்டிருந்தது. நடுவழியில் அது பிய்ந்தால் எஞ்சின் கொதித்துப் போகும்.

"வெறுங்கையை விடாதேம்மா, கீறிடும்" என்று அத்தை உள்ளேயிருந்து ஒரு ஜோடி காலுறையோடு வந்தார். அத்தை என் மாமியார். குளிர்காலத்தில் மகன் போடும் தடித்த கம்பளிக் காலுறை. விரல் பக்கத்தை வெட்டிக் குழாய் மாதிரி ஆக்கி, என் வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல் வரைக்கும் இழுத்துவிட்டார். "ஒண்ணு போதாது" என்று இரண்டாவதையும் அதன் மேலேயே மாட்டினார்.

"அத்தை, நான் என்ன பனிமலையா ஏறப் போறேன்?"

"தோலு போனா வருமா? நீ செஞ்சு குடுத்த பல்லுலதான் நான் சாப்பிடறேன். அந்தக் கையை நான்தான் பாத்துக்கணும்."

உண்மைதான். அத்தையின் பல் செட் நான் செய்தது. அதை வைத்துக்கொண்டுதான் என்னைத் திட்டவும் செய்வார், அது வேறு கதை.

கூலன்ட்டை முதலில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வடித்தோம். காரின் விளிம்பில் தலையணை போட்டு, அதன் மேல் வயிற்றை அழுத்திக் குனிந்தேன். கன்னம் எஞ்சின் மூடியில் பட்டது. முகம் மதில் பக்கம் திரும்பியிருந்தது. கையை மேலிருந்து நேராக இறக்கி, ஒரு குழாயைத் தாண்டி, முழங்கையை மடக்கி, இன்னும் கீழே விட்டால் விரல் நுனிக்கு, ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வளையம் தட்டுப்பட்டது. எதுவும் தெரியாது. எல்லாம் தொட்டுத்தான். எனக்கு அது பழக்கம். பல்லின் சரியான சரிவை நான் கண்ணால் பார்ப்பதைவிட விரலால்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

குட்டை ஸ்க்ரூடிரைவரால் இரண்டு கிளாம்பையும் தளர்த்த முக்கால் மணி நேரம் ஆயிற்று. பழைய ரப்பர் இரும்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பிளேடால் நீளவாக்கில் கீறி, பழத்தோல் மாதிரி உரித்து எடுத்தேன். அதற்குள் மிச்சமிருந்த கூலன்ட் குபுக்கென்று என் கை மேலேயே கொட்டியது. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புது ஹோஸின் ஒரு முனையைச் சோப்புத் தண்ணீர் தடவி எஞ்சின் பக்கம் மாட்டியாயிற்று. மறுமுனையையும் அழுத்தி ஏற்றிவிட்டேன். இனி கிளாம்பை முறுக்க வேண்டியதுதான். ஸ்க்ரூடிரைவரை வாங்கக் கையை வெளியே இழுத்தேன்.

வரவில்லை.

சிரித்துக்கொண்டேதான் இரண்டாம் தடவை இழுத்தேன். மூன்றாம் தடவை சிரிப்பு வரவில்லை. உள்ளே போகும்போது உலர்ந்திருந்த இரண்டு கம்பளிக் காலுறைகளும் நனைந்து ஊறி, முழங்கை வளைவில் சுருண்டு, அந்தக் குறுகிய இடத்தில் அடைப்பானைப் போல இறுகியிருந்தன. இழுக்க இழுக்க இன்னும் சுருண்டன.

"என்னங்க."

"ம்?"

"கை வரல."

"மெதுவா எடு."

"மெதுவாவும் வரல."

அவர் டார்ச்சைத் தூக்கிப் பிடித்தார். தோளைப் பிடித்து இழுத்தார். நான் போட்ட சத்தத்தில் மாடி வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது. சமையல் எண்ணெயை மேலிருந்து ஊற்றினார். அது என் கழுத்துக்குப் போயிற்று, முழங்கைக்குப் போகவில்லை. கடைசியில் அந்த 'நாளைக்கு' மெக்கானிக்குக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"இழுத்தீங்களா?"

"இழுத்தோம்."

"அதைத்தான் செய்யக்கூடாது. இழுத்தா வீங்கும், வீங்கினா வராது. நான் ஒரு கல்யாணத்துக்கு வந்து மாட்டிக்கிட்டேன். மூணு மணிக்கு வந்து மேலே இருக்கறதைக் கழட்டறேன்."

"மூணு மணியா!" என்றேன் எஞ்சினிடம்.

"அதுவரைக்கும் அந்த அம்மாவை அசையாம இருக்கச் சொல்லுங்க."

அசையாமல் இருக்கச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. மணி ஒன்பதரை. மூன்று மணிக்குக் கழற்றத் தொடங்கினால் இன்று கிளம்ப முடியாது. விரல்கள் மரத்துக்கொண்டு வந்தன. கன்னத்துக்குக் கீழே இரும்பின் வாடை. கண்ணுக்கு நேரே மதிலின் ஒரு சாண் அகலம், அதில் பழுப்பாக ஓர் ஈரக்கறை. அவ்வளவுதான் என் உலகம். மூச்சை இழுத்தால் விலா எலும்பு காரில் முட்டியது. ஜன்னல் இல்லாத அந்த அறைகூடப் பரவாயில்லை என்று தோன்றியது. அங்கே எழுந்து நடக்கவாவது முடியும்.

பின்னால் செருப்புச் சத்தம். அத்தை.

"என்னடா, இன்னும் முடியலையா? எப்பக் கிளம்பப் போறீங்க?"

"கை மாட்டிக்கிச்சும்மா" என்றார் இவர்.

"ஐயோ! வலிக்குதாம்மா?"

"பரவாயில்ல அத்தை."

"நல்லா பரவாயில்ல. இவன்தான் அவசரப்படுத்தியிருப்பான். ஏண்டா, நாலு நாள் லீவு போட்டிருக்கே, அதுல ஒரு நாள் இங்கேயே போச்சுன்னா இவளை விட்டுட்டு நீ எப்படி வியாழக்கிழமை திரும்பி வருவே?"

எனக்கு அவர் முகம் தெரியவில்லை. அத்தையின் முகமும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் மதிலும், அதில் இருந்த கறையும்தான். டார்ச் வெளிச்சம் மட்டும் எஞ்சினை விட்டு விலகி அந்தக் கறை மேல் விழுந்தது.

"நாலு நாள் லீவா?" என்றேன்.

டார்ச்சின் சுவிட்சை அவர் அழுத்தும் சத்தம் கேட்டது.

"அத்தை, இவர் வேலையை விட்டுட்டார்னு உங்ககிட்ட சொல்லலையா?"

"எந்த வேலையை?"

"அங்கேயே என்கூட இருக்கப் போறார்னு?"

"என்னம்மா சொல்றே? ஆறு மாசத்துல உனக்கு இந்த ஊருக்கே மாத்தல் வாங்கிடலாம்னு காலேஜுல சொல்லியிருக்காங்கன்னானே! அதுவரைக்கும் இவன் இங்க, நீ அங்க. நீயும் சரின்னுட்டேன்னானே!"

"எனக்கு மாத்தலே கிடையாது, அத்தை. அது ஒரே ஒரு காலேஜ்."

எதையாவது சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவது என் வழக்கம். கோபம் வந்தால் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன். அவர் வழக்கம் பரீட்சைத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு திருத்துவது. ஒன்பது வருஷத்தில் ஒரு சண்டையைக்கூட நாங்கள் உட்கார்ந்து முடித்ததில்லை. இன்று எனக்குப் போக இடம் இல்லை. என்னை இப்படியே விட்டுவிட்டு அவராலும் போக முடியாது.

"கடிதம் குடுத்தீங்களா, இல்லையா?"

"எழுதிட்டேன்."

"குடுத்தீங்களா?"

"...இல்ல."

"ஏண்டா?" இது அத்தை. குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ரெண்டு பேரும் சந்தோஷமா இருந்தீங்க" என்றார் அவர். "இவகிட்ட வரேன்னு சொன்ன அன்னைக்கு இவ அழுதுட்டா. உன்கிட்ட சொல்லலாம்னு வந்தேன், நீ என் சட்டைக்குப் பட்டன் தெச்சுக்கிட்டிருந்தே. அப்ப வாயில வந்ததைச் சொல்லிட்டேன். அப்புறம் சரி பண்ணிக்கலாம்னு பாத்தேன். நாள்தான் போச்சு."

"கணக்கு வாத்தியாராம். ஒரே கணக்குக்கு ரெண்டு விடை எழுதி வெச்சிருக்கான்" என்றார் அத்தை.

"இப்பவே ஹெட்மாஸ்டருக்குப் போன் பண்றேன். இப்பவே..."

"பண்ணாதீங்க!" என்று கத்தினேன். படிக்கட்டுக்கு அடியில் அந்தச் சத்தம் சுற்றிச் சுற்றி வந்தது. "என் கை உள்ள மாட்டியிருக்கும்போது நீங்க எந்த முடிவும் எடுக்க வேணாம். இன்னும் பத்து வருஷம் கழிச்சு, உன் கை மாட்டினதாலதான் வந்தேன்னு சொல்லுவீங்க. முதல்ல கை வெளியே வரட்டும்."

செருப்புச் சத்தம் வீட்டுக்குள் போயிற்று. அத்தை கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தேன். வாசலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவர் என் முதுகில் கை வைத்தார். "எடுங்க" என்றேன். எடுத்தார். அதற்கப்புறம் அந்தக் கை அங்கேயே இருந்திருக்கலாமே என்று இருந்தது.

கொஞ்ச நேரத்தில் என் கண்ணெதிரே இருந்த மதில் மறைந்தது. பக்கவாட்டில் நடந்து, மதிலுக்கும் காருக்கும் நடுவில் இருந்த அந்தச் சந்துக்குள் அத்தை வந்துகொண்டிருந்தார். புடவை சுவரில் உரசி வெள்ளையாகியது. அவர் முகம் என் முகத்துக்கு நேராக வந்து நின்றது, ஒரு சாண் தூரத்தில். இத்தனை கிட்டத்தில் அவரை நான் பார்த்தது பல் அளவெடுத்தபோது மட்டும்தான். கையில் நகம் வெட்டும் சின்னக் கத்தரிக்கோல்.

"என் கை உன் கையைவிட மெலிசு" என்றார். "காலுறையை மாட்டினது நான். நானே கழட்டறேன். எங்க இறுகுது?"

"முழங்கைக்கு உள்பக்கம், அத்தை. அங்க தொடறீங்களே, அதுக்கும் கீழே."

"டேய், வெளிச்சத்தை இந்தப் பக்கம் பிடி. என் கண்ணுல இல்ல, கையில."

குளிர்ந்த கத்தரிக்கோல் என் தோலில் பட்டது. கம்பளி ஒவ்வொரு இழையாக அறுபடும் சத்தம் எனக்குக் கேட்டது. அத்தை ஓரிழை வெட்டுவார், நிறுத்துவார், மூச்சு வாங்குவார்.

"உனக்கு அவன் வரணுமா?" என்றார் மெதுவாக. பின்னால் நிற்பவருக்குக் கேட்டிருக்காது.

"வரணும் அத்தை. ஆனா பொய் சொல்லிட்டு வர வேணாம்."

"நான் பிடிச்சு வெச்சுப்பேன்னு நினைச்சியா?"

எங்கேயும் திரும்ப முடியாத இடத்தில் பொய்யும் சொல்ல முடியவில்லை. "நினைச்சேன்."

"பிடிச்சு வெச்சுக்கத்தான் தோணுது" என்றார். "ராத்திரியில வீட்டுல ஆள் சத்தம் இல்லாம எனக்குத் தூங்கி வழக்கமே இல்ல. நெஞ்சுல இருக்கறதைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதே."

"நீங்களும் எங்ககூட வந்துடுங்க அத்தை."

"எனக்கு வரப் பிடிக்கல. என் டாக்டர் இங்க, என் தங்கச்சி அடுத்த தெருவுல, என் சண்டையெல்லாம் இங்க. அங்க வந்து நான் யார்கூடச் சண்டை போட? அசையாதே, கடைசி இழை."

இழை அறுந்தது. இறுக்கம் சட்டென்று தளர்ந்தது. அத்தை அறுந்த கம்பளியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே உருவினார். "இப்ப வெளியே இழுக்காதே. கொஞ்சம் கீழே இறக்கு. திருப்பு. ஆங்." என் முழங்கை வழுக்கிக்கொண்டு குழாயைத் தாண்டியது. கை வெளியே வந்துவிட்டது. சிவந்து, சுருங்கி, இரண்டு நீளக் கீறல்களோடு, யாருடைய கையோ மாதிரி இருந்தது. நிமிர்ந்தேன். படிக்கட்டு தலையில் இடித்தது.

அவர் துண்டோடு வந்தார். துடைத்துக்கொண்டு, "ஸ்க்ரூடிரைவர்" என்றேன்.

"எதுக்கு?"

"கிளாம்பு இன்னும் முறுக்கல."

"வேணாம். அந்த மெக்கானிக்கே வந்து பாத்துக்கட்டும். மறுபடியும் மாட்டிக்கிட்டா?"

"மாட்டினா அத்தை இருக்காங்க."

வெறுங்கையில் சோப்பைத் தடவி மறுபடி உள்ளே விட்டேன். அந்த இருட்டுக்குள் முழங்கை மடங்கியபோது அத்தை நின்ற பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். கிளாம்பின் ஸ்க்ரூவை எண்ணி எண்ணிச் சுற்றினேன். இருபத்திரண்டு சுற்று. இரண்டு கிளாம்பும் இறுகின. கை வந்தது. அத்தை அதுவரைக்கும் அந்தச் சந்துக்குள்ளிருந்து நகரவே இல்லை.

புதுக் கூலன்ட் ஊற்றி, ஹீட்டரைப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டோம். உள்ளே இருக்கும் காற்றெல்லாம் வெளியேறும் வரைக்கும், சொட்டு விழுகிறதா என்று பார்க்கும் வரைக்கும், அது இருபது நிமிஷமாவது ஓட வேண்டும். அதுவரைக்கும் மூன்று பேரும் நின்றாக வேண்டும்.

"கை வெளியே வந்தாச்சு" என்றேன் அவரிடம். "இப்பச் சொல்லுங்க. வரேன்னாலும் சரி, வரலேன்னாலும் சரி, ஒண்ணையே எங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லுங்க. பன்னிரண்டு மணிக்கு நான் கிளம்பறேன். எனக்கும் வண்டி ஓட்டத் தெரியும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை. ஓடும் எஞ்சினைப் பார்த்தார். பரீட்சைத் தாள் தேடும் கண். வாசலில் அப்படி எதுவும் இல்லை.

"அம்மா" என்றார். "நான் அங்கேயே இருக்கப் போறேன்."

"ஆறு மாசமா?"

"இல்லம்மா. அங்கேயே."

அத்தை தலையாட்டினாரா, இல்லையா என்று சொல்ல முடியாது. அறுந்த காலுறைகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. அறைந்து சாத்தவில்லை, தாழும் போடவில்லை, சாத்திக்கொண்டது, அவ்வளவுதான்.

அவர் அங்கேயே நின்று ஹெட்மாஸ்டருக்குப் போன் செய்தார். "இல்ல சார்... லீவு இல்ல சார்... ராஜினாமா சார்... ஆமா, நான் முன்னாடியே சொல்லியிருக்கணும் சார்... மன்னிச்சுக்கங்க சார்" என்பது வரைக்கும் கேட்டேன். வியர்த்துக் கொட்டியது அவருக்கு. இருபது நிமிஷம் அந்த மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எஞ்சின் சூடேறி, ஹீட்டரிலிருந்து சூடான காற்று வந்தது. கீழே விரித்த செய்தித்தாளில் ஒரு சொட்டும் இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். நெஞ்சில் மட்டும் யாரோ இரண்டு காலுறையைச் சுருட்டி வைத்தது மாதிரி இருந்தது.

பதினொன்றே முக்காலுக்குக் கதவு திறந்தது. அத்தை முகம் கழுவியிருந்தார். கையில் தன்னுடைய பெரிய பெட்டி. மகன் துணியெல்லாம் அதில் இருந்தது. அழுத்தி மூடியதில் ஒரு சட்டைக் கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"ஒழுகுதா?"

"இல்லம்மா."

"அப்பக் கிளம்புங்க. வழியில வேகமா ஓட்டாதீங்க."

அவர் பெட்டியை வாங்கப் போனார். அத்தை கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை நீ போன் பண்ணு. இவன் பண்ண வேணாம். இவன் பண்ணினா எல்லாரும் நல்லா இருக்கோம்னு சொல்லுவான். நீ பண்ணினாத்தான் எனக்கு விஷயம் தெரியும்."

"பண்றேன் அத்தை."

"நானும் தூங்கினேனா இல்லையான்னு உள்ளதைச் சொல்லுவேன். கேட்டுட்டு வருத்தப்படக்கூடாது."

"வருத்தப்படுவேன் அத்தை."

"சரி, படு" என்று சொல்லிவிட்டு, பெட்டியை என் கையில் கொடுத்தார்.